ஒச்சம்மாளின் வலது கால்

ஒச்சம்மாள் பிறக்கும்போது முதலில் வெளியே வந்தது அவளுடைய வலது கால்தான். அந்த ஒரு காரியத்துக்காக ஊர் அந்தக் காலை நாற்பத்து நான்கு வருடமாக மதித்து வந்தது. ஒச்சம்மாளை மதித்ததா என்பது வேறு விஷயம்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்களில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால், காலால் பிறந்த ஆளைத் தேடிப் போவார்கள். பிடித்தவர் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் இடுப்பில் கால் வைத்து மூன்று தடவை நீவி மிதிக்க வேண்டும். பிடிப்பு விட்டுவிடும். காசு வாங்கக் கூடாது, வாங்கினால் கால் ராசி போய்விடும். ஒச்சம்மாள் ஏழு வயதிலேயே மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். போலீஸ்காரர், வாத்தியார், கூட்டுறவு சங்கச் செயலாளர் என்று அவள் மிதிக்காத இடுப்பு அந்த வட்டாரத்தில் குறைவு. தெருவில் அவளை அதட்டிப் பேசுகிற ஆம்பளைகள் அவள் வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறக் கிடப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அந்தக் காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒச்சம்மாளிடம் ஒரு குட்டியானை லோடு வண்டி இருந்தது. வண்டியை வாங்கியவன் புருஷன், ஓட்டுகிறவள் அவள். புருஷன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். விடிந்தும் விடியாமலும் தோட்டம் தோட்டமாகப் போய் மல்லி, சம்பங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலம் தொடங்குமுன் இறக்க வேண்டும். பிந்தினால் பூ வாடும், விலை இறங்கும், தோட்டக்காரன் வாய் திறக்கும். பத்து வருடத்தில் அவள் பிந்தியது இரண்டே நாள். இரண்டு நாளும் மழை.

ஆனி மாதத்தில் அந்தக் காலுக்கு வலி வந்தது. இடுப்பில் தொடங்கி, பிட்டத்தில் குடைந்து, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை கரண்ட் அடிப்பதுபோல் இறங்கியது. நின்றால் பரவாயில்லை. உட்கார்ந்தால் கொன்றது. டிரைவர் உட்காராமல் என்ன செய்வது? ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு நடக்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. நாலடி போன பிறகு, தரை சுட்டால்தான் தெரியும். ஒருநாள் காலையில் எதிரே பால் வண்டி வந்தபோது, பிரேக்கை மிதித்த கால் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் விழுந்தது. வண்டி ரோட்டோரத்து மணல் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒச்சம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவள் அதன் பிறகு எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் மிதிச்ச மதினிக்கு மிதிக்க ஆளில்லையே" என்றாள் பேச்சியம்மாள். பேச்சி ஒச்சம்மாளின் நாத்தனார், அடுத்த வீடு. அக்கறையையும் நக்கலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருகிறவள்.

ஆள் இருந்தது. அடுத்த ஊர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் முருகேசன். அவனும் காலால் பிறந்தவன்தான். எடை தொண்ணூறு கிலோ. பேச்சிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒச்சம்மாள் தன் வாசலில் முதல் தடவையாகக் குப்புறப் படுத்தாள். முருகேசன் சாமி கும்பிட்டுவிட்டு ஏறினான். மூன்றாவது மிதியில் அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. பிறகு அவளைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

"உள்ள இருந்த வாயு வெளியேறுது. அப்படித்தேன் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு முருகேசன் காபி குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் பெருமாள்சாமி வந்தார். அந்த ஊரிலேயே பெரிய மல்லித் தோட்டம் அவருடையது, ஒச்சம்மாளின் வண்டியில் பாதி அவர் பூதான். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவளைப் பார்த்தபடி நின்றுகொண்டே பேசினார்.

"தங்கச்சி, பூ யாருக்காகவும் காத்திருக்காது. இப்போதைக்கு டோனி வண்டியில ஏத்துறேன். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு நீ வண்டி எடுத்தியானா பழையபடி உனக்குத்தேன். இல்லேன்னா அவனுக்கே பேசி முடிச்சிருவேன். மனசுல வச்சுக்கிராத."

முகூர்த்தத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. பெருமாள்சாமி போனால் மற்ற தோட்டக்காரர்களும் அவர் பின்னால் போவார்கள். வண்டி வாசலில் கோழி அடையத்தான் ஆகும். இது ஒச்சம்மாளுக்கும் தெரியும், பெருமாள்சாமிக்கும் தெரியும்.

மகள் ஜீவிதா காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து, யாரிடமும் கேட்காமல், அம்மாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்து, வலிக்கென்றே தனியாக மருத்துவம் பார்க்கிற டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள். உட்கார முடியாமல் ஒச்சம்மாள் எழுந்து நின்றுகொண்டாள்.

டாக்டர் பெயர் முஹ்சினா. முப்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, ஒச்சம்மாளைப் படுக்கவைத்துக் காலைப் பிடித்தார்.

"கட்டைவிரலை மேல தூக்குங்க. நான் அமுக்குவேன். விடாதீங்க."

இடது விரல் நின்றது. வலது விரல் டாக்டரின் ஒற்றை விரலுக்குத் தாங்காமல் படுத்துவிட்டது. ஒச்சம்மாள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். ஊரையே மிதித்த கால் ஒரு விரலுக்குத் தோற்றது.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. நரம்பு வீங்கிக் கிடக்கு" என்றார் டாக்டர். "அதுக்குப் பக்கத்துல ஊசி வழியா மருந்து வைக்கலாம். வீக்கம் வத்தும், வலி குறையும். அந்தச் சமயத்துல நீங்க நடந்து, பயிற்சி செஞ்சு, இடுப்பைத் தேத்திக்கணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். விரல் பலம் இதுக்கு மேல குறைஞ்சா ஆபரேஷன்தான்."

"முதுகுல ஊசி போட்டா இடுப்பு செத்துப்போகும்னு சொல்றாகளே."

"யாரு?"

"எங்க நாத்தனா. பிரசவத்துல போட்டாகளாம். குளிரடிச்சா இன்னும் குத்துதாம்."

"குளிரடிச்சா எனக்கும்தான் குத்துது. நான் ஊசியே போட்டுக்கல."

ஒச்சம்மாள் டாக்டரின் கைகளைப் பார்த்தாள். சின்னக் கைகள். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

"நீங்க தலையால பொறந்தீகளா, காலால பொறந்தீகளா?"

ஜீவிதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க."

"அப்ப ரெண்டும் இல்ல."

"ரெண்டும் இல்ல. ஏன் கேக்குறீங்க?"

ஒச்சம்மாள் சொன்னாள். மிதிக்கிற கதை முழுவதையும் சொன்னாள். முருகேசன் எடையையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. அது ஒச்சம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தசைப் பிடிப்புனா நீவிவிட்டா விடும். மிதிக்காட்டியும் நாலு நாள்ல அதுவே விடும்" என்றார். "நீங்க மிதிச்சவங்கள்ல, காலுக்கு வலி இறங்குதுன்னு யாராச்சும் வந்தாங்களா?"

ஒருவர் வந்தார். சூசைமாணிக்கம், மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். எட்டு வருடத்துக்கு முன்னால் வந்து குப்புறப் படுத்தார். மிதித்த மறுநாள் அவருக்குக் கால் எழும்பவில்லை. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அவருக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் கேட்கவில்லை என்று ஒச்சம்மாள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் ஒப்புக்கொண்டது.

"யாரும் வரல" என்றாள். பிறகு, "ஊசியப் போடுங்க" என்றாள்.

சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்து, இரண்டு நாள் கழித்து ஊசி போட்டார்கள். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். இந்த வருடத்தில் இது இரண்டாவது தடவை என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பில் ஜில்லென்று மருந்தைத் தடவினார்கள். மேலே ஒரு எக்ஸ்ரே மிஷின் வளைந்து நின்றது. பக்கத்து டிவியில் அவளுடைய எலும்பு கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. எறும்பு கடித்த மாதிரி. பிறகு வலி இல்லை. முதுகுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி ஒரு பாரம் மட்டும்.

"இப்ப காலுக்கு எதுவும் இறங்குதா?"

"இறங்குது."

"அதே வலியா, புதுசா?"

"அதே சனியன்தேன்."

"அப்ப சனியன் வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். அசையாதீங்க."

மருந்து உள்ளே போனது. கால் கனத்து, பிறகு லேசாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆனது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். டாக்டர் என்னென்னவோ சொன்னார். இன்றைக்கு ஓய்வு, குனியாதே, தூக்காதே, மரப்பு விட்டதும் வலி திரும்ப வரும், பயப்படாதே. ஒச்சம்மாள் தலையாட்டினாள். எதுவும் காதில் ஏறவில்லை. ஐம்பது நாளில் முதல் தடவையாக அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கித் தெருவில் நடந்து வந்தாள். தெரு பார்த்தது. ஜீவிதா பிடிக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

பேச்சி வீட்டு வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணி நின்றாள். "குடத்தைத் தூக்கயில பிடிச்சுக்கிருச்சு மதினி. உங்களக் கேக்கலாம்னா, ஊசி மருந்து எறங்குன காலு. இனிமே ராசி இருக்கோ என்னமோ."

ஜீவிதா "அம்மா, வேணாம்" என்றாள். ஒச்சம்மாள் ஏற்கனவே செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"படுடி."

நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் நின்று, வலது காலால் மூன்று தடவை நீவினாள். பேச்சி எழுந்து இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். "விட்டிருச்சு மதினி. கல்லு மாதிரி இருந்துச்சு, பொசுக்குனு விட்டிருச்சு." தெருவுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒச்சம்மாள் உடனே பெருமாள்சாமிக்குப் போன் போட்டு, நாளன்னைக்கே வண்டி எடுப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கம் ராஜ தூக்கம்.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வலி பழைய வழியிலேயே வந்தது, போகும்போது விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மறுநாள் விடிகாலையில் பெருமாள்சாமி தோட்டத்திலிருந்து டோனியின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒச்சம்மாள் கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டாள். தேவைக்கு மேல் இரண்டு தடவை அடித்தான்.

ஜீவிதா போன் போட்டுக் காதில் வைத்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றார் டாக்டர். "முதல் நாள் போனது மரப்பு மருந்தால. அது விட்டிருச்சு. அடுத்த மருந்து வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். நடுவுல வேற எதுவும் செஞ்சீங்களா?"

ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் உதவிக்கு வரவில்லை.

"ஒருத்திய மிதிச்சேன்."



"ஒத்தக் கால்ல நின்னா?"

"ஆமா."

"சரி. இனிமே உங்க காலு உங்களுக்கு மட்டும்தான். நடங்க. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தினம் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்க. பலம் குறைஞ்சா, இல்ல ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல சிரமம் வந்தா, உடனே வாங்க. யாரையும் மிதிக்க விடாதீங்க."

ஊசி போட்ட ஐந்தாம் நாள் முருகேசன் வந்துவிட்டான். பேச்சிதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஊசி கேக்கலயாம்ல அக்கா. போன தடவ மூணு மிதியோட விட்டுட்டேன். இந்தத் தடவ அஞ்சு வச்சிருவோம்."

"ஏலே முருகேசா, வாசப்படி ஏறுன, வண்டி ஜாக்கி எடுத்து மண்டையில போடுவேன்."

"நல்லதுக்குக் காலமில்ல."

"நல்லது பண்ணி நானும் ஒருத்தர முடமாக்கியிருக்கேன். போயிரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. முருகேசன் ஒன்றும் புரியாமல் பேச்சியைப் பார்த்தான். பேச்சி அவன் கையைப் பிடித்துத் தெருப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அவள் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். பாதி தூரம்தான் முடிந்தது, வேப்பமரத்தைப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் மரத்தைத் தாண்டினாள். ஏழாம் நாள் டீக்கடை வரை போய்விட்டாள். சூசைமாணிக்கம் கம்பைச் சாய்த்துவைத்துவிட்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்கள மிதிச்சிருக்கக் கூடாது" என்றாள் ஒச்சம்மாள். "நரம்பு வலிய இடுப்புப் பிடிப்புன்னு நெனச்சுட்டேன். உங்க மேல பழியப் போட்டதும் தப்பு."

அவர் டீயை ஒரு தடவை தூக்கி ஆற்றினார்.

"எட்டு வருஷம் கழிச்சு வந்து சொல்ற."

"இப்பத்தேன் தெரிஞ்சுச்சு."

"டீ குடிக்கிறியா?"

"நின்னுக்கிட்டே குடிக்கிறேன்."

"நானும் அம்புட்டு நாளு நின்னுக்கிட்டேதேன் குடிச்சேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீயில் சீனி மட்டும் சரியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை டீக்கடையிலிருந்து திரும்பி வந்து வாசலில் ஏறும்போது செருப்பைக் கழற்றக் குனியப் போனாள். டாக்டர் குனியக் கூடாது என்றதாக ஜீவிதா சொன்னது ஞாபகம் வந்து நின்றாள். வலது கால் செருப்பு காலிலேயே இருந்தது. கடை வரை போய்த் திரும்பும் வரை ஒரு தடவைகூட அது கழலவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இடுப்பில் வலி இருந்தது, ஆனால் கெண்டைக்காலுக்கு இறங்கவில்லை. கரண்ட் கட்டானது மாதிரி இருந்தது.

மெல்லச் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ஏடி பேச்சி. இங்க வா."

பேச்சி வெஞ்சனம் நறுக்கிய கையோடு வந்தாள்.

"என் கட்டைவெரல அமுக்கு."

"எதுக்கு?"

"அமுக்குடி."

பேச்சி ஒரு விரலை வைத்து அழுத்தினாள். விரல் நின்றது. இரண்டு விரல் வைத்தாள். நின்றது. பேச்சிக்குத் தோற்பது பிடிக்காது. உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒச்சம்மாளின் கட்டைவிரல் லேசாக நடுங்கியது. படுக்கவில்லை.

"என்ன மதினி இது, இரும்பா இருக்கு."

"ஊசி போட்ட காலு" என்றாள் ஒச்சம்மாள். "ராசி இருக்கா பாரு."

பன்னிரண்டாம் நாள் டாக்டர் முஹ்சினாவும் அமுக்கிப் பார்த்தார். உட்காரவைத்து, எழுப்பி, நாற்காலியைப் பிரேக் என்று வைத்துக்கொண்டு திடீரென்று "மிதிங்க" என்று சொல்லிப் பார்த்தார். நாற்காலி போய்ச் சுவரில் இடித்தது.

"ஓட்டலாம். அரை மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கணும். பயிற்சியை விடக்கூடாது. மூட்டை தூக்கவே கூடாது."

"தோட்டக்காரனுக தூக்குவானுக. இத்தன வருஷம் நான் தூக்குனதே தப்பு."

முகூர்த்தத்தன்று ஆணியில் கிடந்த சாவியை எடுத்தாள். இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டு, பெருமாள்சாமி தோட்டத்து வரப்போரம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது டோனியின் வண்டி ஏற்கனவே நின்றது. பெருமாள்சாமி இரண்டு வண்டியையும் பார்த்தார்.

"முகூர்த்தம்ணே" என்றாள் ஒச்சம்மாள், இறங்காமல்.

அவர் வாக்குக் கொடுத்தவர். டோனியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். டோனி ரிவர்ஸ் எடுத்தான். ஹாரன் அடிக்கவில்லை. அவனுக்காக ஒச்சம்மாள் இரண்டு தடவை அடித்தாள்.

தூக்க ஆளில்லாமல் மல்லி மூட்டையும் ஈரச் சம்பங்கி மூட்டையும் பெருமாள்சாமியே ஏற்ற வேண்டியிருந்தது. முனகிக்கொண்டே ஏற்றினார். முகூர்த்த விலை என்பதால் அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். வழியில் ஒரு தடவை நிறுத்தி, புளியமரத்தடியில் அவள் பத்து நிமிஷம் நடந்தாள். "ஏலம் போயிரும் தங்கச்சி" என்று அவர் உள்ளிருந்து கத்தினார். "போகாது" என்றாள். திண்டுக்கல் நெருங்கும்போது ஒரு பஸ் கைகாட்டாமல் உள்ளே வெட்டியது. அவள் யோசிக்குமுன்னே கால் பிரேக்கில் இருந்தது. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பின்னால் ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது ஏலக்காரர் அப்போதுதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

பூ நல்ல விலைக்குப் போனது. பெருமாள்சாமி சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நின்றார்.

"தங்கச்சி, செத்த நேரம் அந்தக் கித்தான் விரிப்புல படுக்கிறேன். ஒரு மிதி மிதிச்சு விட்டுரு. ஒரு மாசமாவே இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. மூட்டை தூக்குனதுல இன்னைக்குக் கூடிருச்சு."

"காலுக்கு எறங்குதா?"

"முட்டிக்குக் கீழ வரைக்கும் சுருக்குனு."

"செருப்பைக் கழட்டுங்க."

பூ மார்க்கெட் நடுவில், சம்பங்கிக் குப்பை மேல், பெருமாள்சாமி ஒரு பழைய கூடையில் உட்கார்ந்து காலை நீட்டினார். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒச்சம்மாள் நின்றபடியே தன் காலால் அவர் கட்டைவிரலை லேசாக அழுத்தினாள். அது உடனே படுத்துவிட்டது.

அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏறுங்க வண்டியில."

"ஊருக்கா?"

"டாக்டர்கிட்ட."

"முதுகு ஊசியெல்லாம் எனக்கு வேணாம். நீ மிதிச்சா விட்டிரும். நீ காலால பொறந்தவ."

"காலால பொறந்தவதேன் சொல்றேன். ஏறுங்க. இல்லேன்னா நாளைக்குப் பூவுக்கு டோனியத் தேடிக்கிருங்க."

பெருமாள்சாமி ஏறினார். உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். ஒச்சம்மாள் முதுகுத் தலையணையை உருவி அவரிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மார்க்கெட் வாசலில் கூட்டம் நெரிந்தது. அவளுடைய வலது கால், எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தது, அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்கியது. யாரும் அதைக் கும்பிடவில்லை.